உங்களுக்குத் தெரியுமா? திரையில் சிப்பாயின் மனசு

★ போர்முனையில் மனம் நொறுங்கித் திரும்பிய வீரர்களைப் பற்றிப் படம் எடுக்கச் சொன்னது அமெரிக்க ராணுவம். எடுத்த படத்தைப் பெட்டிக்குள் பூட்டியதும் அதே ராணுவம்தான்! ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘லெட் தேர் பி லைட்’ (1946) ஆவணப்படத்தில் நடிகர்கள் கிடையாது. லாங் ஐலண்ட் மேசன் ஜெனரல் மருத்துவமனையின் நோயாளிகளேதான். காதலி அனுப்பிய போட்டோவைப் பற்றி டாக்டரிடம் சொல்ல ஆரம்பிக்கிறார் ஒருவர்; வார்த்தை வராமல் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. காலில் காயமே இல்லாமல் நடக்க முடியாமல் போன இன்னொருவர், ஊசி போட்டதும் எழுந்து நடக்கிறார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிட இருந்த பிரதியை ராணுவப் போலீஸே வந்து எடுத்துப் போனது. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் தடை என்றார்கள். போருக்குப் போனவன் முன்னைவிடத் திடமாகத் திரும்புவான் என்ற பிம்பம் கலைந்துவிடுமே என்ற பயம்தான் காரணம் என்றார் ஹூஸ்டன். மக்கள் பார்க்க 1980-களின் தொடக்கம் வரை ஆனது.

★ ‘பேட்டன்’ (1970) படத்தில், நரம்பு தளர்ந்து அழும் சிப்பாயை ஜெனரல் பேட்டன் அறைவது ஒரே சம்பவம்தான். நிஜத்தில், 1943 ஆகஸ்டில் சிசிலியில், ஒரு வார இடைவெளியில் இரண்டு பேர் அடி வாங்கினார்கள். ஒருவருக்கு மலேரியா வேறு!

★ இரண்டாம் உலகப்போரில் பதக்கங்களை அள்ளிய ஆடி மர்ஃபி, ‘டு ஹெல் அண்ட் பேக்’ (1955) படத்தில் தன் வேடத்தில் தானே நடித்தார். படம் முழுக்க சாகசம். குண்டு நிரப்பிய துப்பாக்கியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிய மர்ஃபி அதில் இல்லை. எனக்கென்னவோ அந்த மர்ஃபியைத்தான் பார்க்க ஆசை.

★ ‘தி ஹர்ட் லாக்கர்’ நாயகன் ஈராக்கில் பதறாமல் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்வான். ஊர் திரும்பியதும், சூப்பர் மார்க்கெட்டில் எந்த கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவை எடுப்பதென்று புரியாமல் விழிப்பான்.

★ ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) கேப்டனுக்குக் கை நடுங்கும். ஏனென்று படம் விளக்காது. படம் பார்த்த முன்னாள் வீரர்கள் பலருக்குப் பழைய நினைவுகள் கிளர்ந்தெழ, அவர்கள் கூப்பிட்டுப் பேச அமெரிக்க அரசு இலவசத் தொலைபேசி வசதி செய்தது.

★ ‘தி டீர் ஹன்டர்’ (1978) படத்தில் கைதிகளை, ஒற்றைக் குண்டு போட்ட துப்பாக்கியைப் பொட்டில் வைத்துச் சுட்டுக்கொள்ளும் சூதாட்டத்தில் இறக்கிவிடுவார்கள். வியட்நாம் போரில் அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஊர் வந்த வீரன், வீட்டில் தனக்காகக் கூடியிருக்கும் கூட்டத்தைக் கண்டு, டாக்ஸியை நிறுத்தாமல் போய் ஓட்டலில் ரூம் எடுத்துத் தங்குகிறானே, அதில் பொய்யில்லை. இப்படிப் போரின் அதிர்ச்சி மனதில் விட்டுச்செல்லும் பாதிப்புக்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-ல்தான்.