மைக் டெஸ்ட்டிங்... லேப்டாப் டெஸ்ட்டிங்!

கல்ச்சுரல்ஸுக்கு இன்னும் மூணே வாரம். சொந்தப் பாட்டு ரெடி, கிடார் ரெடி. டெமோவை ஹாஸ்டல் ரூமிலேயே ரெக்கார்ட் பண்ணிடலாம்னு நாலு பேர் பாக்கெட் மணியைச் சேர்த்து ஆடியோ இன்டர்ஃபேஸும் மைக்கும் வாங்கிட்டீங்க. ஆசை ஆசையா லேப்டாப்பில் சொருகி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினா... பாட்டுக்கு நடுவே எண்ணெயில் கடுகு பொரியற மாதிரி 'படபட' சத்தம்!

"லேப்டாப் வேஸ்ட் மச்சி, புதுசு வாங்கணும்!" என்று ஒருத்தர் தீர்ப்பு சொல்வார். அப்பாவிடம் அடுத்த இ.எம்.ஐ.க்கு மனு போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்! பிரச்னை எங்கேன்னு பைசா செலவில்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம். இன்னும் இன்டர்ஃபேஸ் வாங்காதவங்களா? ரொம்ப நல்லது, பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பே இதையெல்லாம் செக் பண்ணிடுங்க.

போர்ட்டைப் பாருங்க!

ரெண்டு மைக் மாட்டக்கூடிய சின்ன யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸுக்கு அதிவேக போர்ட் தேவையே இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ரெண்டு டிராக் பதிந்தால் நிமிஷத்துக்குச் சுமார் 17 எம்.பி.தான். பழைய யு.எஸ்.பி. 2.0 போர்ட்டுக்கே அது யானைக்குச் சோளப்பொரி! ஆனால் 'தண்டர்போல்ட்' இன்டர்ஃபேஸ் என்றால் உஷார். யு.எஸ்.பி. சி போர்ட்டும் தண்டர்போல்ட் போர்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். போர்ட் பக்கத்தில் மின்னல் குறி இருக்கான்னு பாருங்க. லேப்டாப் மாடலின் ஸ்பெக்ஸையும் ஒரு தடவை படிச்சுடுங்க. அப்புறம், சல்லிசாகக் கிடைக்குதேன்னு செகண்ட் ஹேண்டில் 'ஃபயர்வயர்' இன்டர்ஃபேஸ் வாங்கிடாதீங்க. இன்றைய லேப்டாப்களில் அந்த போர்ட்டே கிடையாது.

ஹப்பில் மாட்டாமல் நேராக லேப்டாப்பிலேயே மாட்டுங்க. யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் இன்டர்ஃபேஸ் அதிலிருந்துதான் தயார் பண்ணணும், பாவம்!

ரேமும் டிஸ்க்கும்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ரேம் 8 ஜி.பி. இருந்தால் குரலும் கிடாரும் தாராளமாகப் பதியலாம். கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் சாஃப்ட்வேரிலேயே வாசிக்கணும்னா 16 இருந்தால் நிம்மதி. எஸ்.எஸ்.டி. இருப்பது நல்லது. ரெண்டு டிராக்கை ஒரு மணி நேரம் பதிய சுமார் 1 ஜி.பி. இடம் போதும்.

கடுகு எங்கே பொரியுது?

பெரும்பாலும் வில்லன் இங்கேதான். பாடுற குரல் ஹெட்போனில் திரும்பி வர ஆகும் தாமதம்தான் 'லேட்டன்சி'. சாஃப்ட்வேரில் 'பஃபர்' 128 என்று வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. குறைத்தால் தாமதம் குறையும், ஆனால் லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும், 'படபட' வரும். அப்போ 256க்கு ஏத்திப் பாருங்க. விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் 'ஆசியோ' டிரைவரைப் போடணும். உங்க விண்டோஸ் வெர்ஷனுக்கு அது இருக்கான்னு வாங்கும் முன்பே பாருங்க.

அப்பவும் சத்தம் போகலையா? 'லேட்டன்சிமான்' என்ற இலவச சாஃப்ட்வேரைப் பத்து நிமிஷம் ஓட விடுங்க. சிவப்பு காட்டினால், வைஃபையை ஆஃப் பண்ணி மறுபடி ஓட்டுங்க. பச்சை வந்துடுச்சா? குற்றவாளி வைஃபை டிரைவர், லேப்டாப் நிரபராதி! டிரைவரை அப்டேட் பண்ணுங்க, இல்லைன்னா ரெக்கார்டிங் முடியும்வரை வைஃபைக்கு லீவு விடுங்க. பவர் செட்டிங்கையும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்'க்கு மாத்திடுங்க.

'உய்ய்ங்'னு ரீங்காரம் மட்டும் வருதா? சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா தகராறு கரன்ட் பக்கம். எர்த் ஒழுங்காக உள்ள வேறு பிளக் பாயின்ட் தேடுங்க. அதுக்காக மூணாவது பின்னை உடைச்சுடாதீங்க, அது உங்க உயிருக்குக் காவல்!

கடைசிப் பரீட்சை

சீனியர்கிட்ட ஒரு நாள் இன்டர்ஃபேஸ் கடன் வாங்குங்க. 60 நாள் ட்ரையல் தரும் 'ரீப்பர்' போதும். பத்து நிமிஷம் விடாமல் பதிந்து, ஹெட்போனில் முழுசாகக் கேளுங்க. பாஸானால் அந்த இ.எம்.ஐ. மிச்சம்.

கல்ச்சுரல்ஸ் அடுத்த வருஷமும் வரும். ஆனால் லீவில் ஊருக்குப் போய், பாட்டி பாடும் தாலாட்டைப் பதியணும்னு நினைச்சிருப்பீங்களே... அதுக்கு ரெண்டாவது டேக் கிடைக்குமான்னு யாருக்குத் தெரியும்? இன்னிக்கே டெஸ்ட் பண்ணிடுங்க!