ராணியைத் தேடாதீர்கள்!

கேளம்பாக்கத்து உப்பளங்களுக்கு அருகே, புதிய மாடிக் கட்டிடங்களுக்கு நடுவில் தப்பிப் பிழைத்த ஒரு தென்னந்தோப்பில், என் சிநேகிதர் ஒருவர் தேன்பெட்டி வைத்தார். தினந்தோறும் காலையில் மூடியைத் திறந்து, ஒவ்வொரு சட்டமாக வெளியே எடுத்து, ராணி சௌக்கியமாக இருக்கிறாளா என்று பார்ப்பது அவருக்கு நித்திய கர்மமாகிவிட்டது. விருந்தாளிகளுக்கும் ராணி தரிசனம் செய்து வைப்பார். ஒன்பதாம் நாள் பெட்டி காலி. வெற்று அடைகளும், வழி தவறிய பத்துப் பன்னிரண்டு ஈக்களுமே மிச்சம்.

நம் நாட்டுத் தேனீயின் சுபாவம் அது. அடிக்கடி தொந்தரவு செய்தால் கூட்டத்தோடு குடிபெயர்ந்துவிடும். இத்தாலிய ஈயானால், சட்டத்தைத் தூக்கினாலும் அடையின்மீது நிதானமாகவே இருக்கும். நம் ஈயோ அங்குமிங்கும் ஓடும். ஓரத்தில் கொத்தாகத் தொங்கும். அந்தக் களேபரத்தில் ராணி தரையில் விழலாம், பறந்து போகலாம், இரண்டு சட்டங்களுக்கிடையே நசுங்கியும் போகலாம்.

ராணி என்று பெயரேயன்றி அவள் ஆட்சி ஒன்றும் செய்வதில்லை. பிரசவ அறையில் ஆயுள் கைதி என்றாலும் தகும். ஆயினும், ஆயிரக்கணக்கான ஈக்களுக்கு அவள் ஒருத்தியே தாய். அவள் மடிந்தால், கூட்டில் முட்டையோ மிக இளம் புழுவோ இருக்கும் பட்சத்தில், வேலைக்கார ஈக்கள் விசேஷ ஆகாரம் ஊட்டிப் புது ராணியை வளர்த்துக் கொள்ளும். அவள் பிறந்து, ஆண் ஈக்களுடன் கூடி, முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதமாகும். முட்டையும் புழுவும் இல்லையென்றாலோ வேலைக்கார ஈக்களே முட்டையிடத் தொடங்கும். கருவுறாத அம்முட்டைகளிலிருந்து ஆண் ஈக்களே பிறக்கும். பிறகு கூட்டம் க்ஷீணித்து அழிய வேண்டியதுதான்.

அப்படியானால் ராணியைப் பாராமல் அவள் இருப்பதை அறிவது எப்படி? முட்டையைப் பாருங்கள். நடுச் சட்டம் ஒன்றை எடுத்து, சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி நின்று, அறைகளின் அடியை நோக்குங்கள். வெள்ளை நூல் துணுக்குப்போல் அறைக்கு ஒன்றாக முட்டை தெரியும். முதல் நாள் முட்டை நிமிர்ந்து நிற்கும்; மறுநாள் சாயும்; மூன்றாம் நாள் படுத்துவிடும்; பின்னர் புழுவாகும். நிற்கும் முட்டையைக் கண்டால், நேற்றோ இன்றோ ராணி அங்கே வந்திருக்கிறாள் என்று நிச்சயம். அவ்வளவு போதும், மூடிவிடலாம். ஒரே அறையில் பல முட்டைகள் பக்கச் சுவரில் ஒட்டிக் கிடந்தால் மட்டும் விபரீதம் என்று அறிக.

கூட்டத்தைப் பிரிக்கவோ கிழ ராணியை மாற்றவோ அவளைப் பிடித்தே ஆக வேண்டுமானால், புகையைக் குறைத்துக் கொள்ளுங்கள். அதிகம் ஊதினால் ஓடி ஒளிவாள். ஓரச் சட்டத்தை முதலில் எடுத்து அப்பால் வைத்தால் கைக்கு இடம் கிடைக்கும். சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலேயே பிடியுங்கள்; விழுந்தாலும் வீட்டுக்குள்ளே விழட்டும். நீண்ட வயிறும், அதற்குக் குட்டையாகத் தோன்றும் இறகுகளுமே அவள் அடையாளம். மேல்நாட்டார் ராணியின் முதுகில் வர்ணப் பொட்டு வைத்து, வருஷத்துக்கொரு நிறமாக ஐந்து நிறங்களால் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

சட்டங்களைத் தனித்தனியே எடுக்கும் வசதியே 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் பாதிரியார் கண்ட முறையால் வந்தது. 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராமவாசிகளுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்த நியூட்டன் பாதிரியார், நம் ஈக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1934-ல் மகாத்மா காந்தி தோற்றுவித்த கிராமக் கைத்தொழில் சங்கமும் இத்தொழிலைப் போற்றியது. அதற்கு முன்பெல்லாம் அடையைப் பிழிந்து குஞ்சுகளையும் கொன்றே தேன் எடுத்தார்கள். 1991-க்குப் பின் புழுக்களைப் பைபோல் வீங்கச் செய்யும் கொள்ளைநோய் தென்னாட்டில் பரவி, நாட்டு ஈக்களின் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. ஆகவே, எஞ்சிய ஒரு கூட்டத்தை நம் கைப்பிழையால் இழப்பது சின்ன நஷ்டமன்று.

சிநேகிதர் இப்பொழுது வேறொரு கூட்டத்தைக் குடியேற்றியிருக்கிறார். பத்து நாளைக்கு ஒரு முறைதான் திறக்கிறார். சென்ற முறை நான் போனபோது ராணியைக் காட்டும்படி கேட்டேன். முட்டையைக் காட்டிவிட்டு மூடியைப் போட்டுவிட்டார்.