602 ரன் போதவில்லை

2018 ஐ.பி.எல். போட்டிகளில் 602 ரன் குவித்த அம்பாட்டி ராயுடு, இங்கிலாந்து செல்லும் ஒருநாள் அணியில் இடம்பிடித்தார். ஆனால் விமானம் ஏறுமுன்பே அது பறிபோனது. காரணம், 'யோ-யோ' சோதனை. ஒலி எழும்ப எழும்ப 20 மீட்டர் தூரத்தைப் போய்த் திரும்பி ஓட வேண்டும். வேகம் கூடிக்கொண்டே போகும். தேற வேண்டிய அளவு 16.1. ராயுடு தேறவில்லை.

அப்போது அணியின் உடற்திறன் பயிற்சியாளர் சென்னையைச் சேர்ந்த பாசு சங்கர். ஐ.பி.எல். பெங்களூர் அணியில் விராட் கோலியைப் பளு தூக்க வைத்தவர். 2015ல் இந்திய அணிக்கு வந்தார். கோலியின் உடற்கட்டே இவரது உழைப்புக்குச் சாட்சி. 'ஓட்டத்தை வைத்து பேட்ஸ்மேனை எடைபோடலாமா?' என்று முணுமுணுப்பும் எழுந்தது.

பிறகு சோதனையில் தேறிய ராயுடு, செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்குத் திரும்பினார். பாசு 2019 உலகக் கோப்பையோடு விடைபெற்றார். ஸ்கோர் போர்டில் மட்டும் அவர் பெயர் ஏறவேயில்லை.