கோச்சை தூக்கினா கோல் விழுமா? நெல்லித்தோப்பில் ஓயாத 'பஞ்சாயத்து'!

புதுச்சேரி: டீம் தோற்றால் போதும். "மொதல்ல அந்த கோச்சை தூக்குங்கப்பா" என்று ஒரு குரல். "ஆட்றவன் ஒழுங்கா ஆடலன்னா கோச் இன்னாண்ணே பண்ணுவாரு?" என்று உடனே ஒரு பதில் குரல். நெல்லித்தோப்பு சிக்னல் பக்கம் நாலு கால்பந்து ரசிகர்கள் டீ கிளாசுடன் நின்றால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

புதுச்சேரிக்கு என்று ஐ.எஸ்.எல். டீம் கிடையாது. அதனால் இங்கே ரசிகர்கள் மூன்று கட்சி. பக்கத்து ஊர் பாசத்தில் சென்னையின் எப்.சி. கட்சி. நம்ம மாநிலத்தின் ஒரு துண்டான மாஹே 600 கிலோ மீட்டருக்கு அப்பால், கேரளாவுக்குள் இருக்கிறதே... அந்த உறவில் வந்த கேரளா பிளாஸ்டர்ஸ் கட்சி. மூன்றாவது, சொல்தா குடும்பங்கள் வழி வந்த பிரான்ஸ் கட்சி.

மூன்று கட்சிக்கும் கோச் விஷயத்தில் தனித்தனி சூடு பட்ட அனுபவம் உண்டு. அதனால்தான் பஞ்சாயத்து தீரவே மாட்டேன் என்கிறது.

சரி, கோச்சை மாற்றினால் நிஜமாகவே டீம் ஜெயிக்குமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தலைப்பாகையோடு போச்சு!

முதலில், ஏன் எப்போதும் கோச் தலையே உருளுகிறது?

காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு டீமில் 25 பேர் இருப்பார்கள். எல்லாருக்கும் ஒப்பந்தம் உண்டு. வீரர்களை வாங்க, விற்க குறிப்பிட்ட மாதங்கள்தான் அனுமதி. சீசன் நடுவில் 11 பேரை மாற்றவே முடியாது. ஓனர் தன்னைத்தானே மாற்றிக்கொள்ள மாட்டார். மிச்சம் இருப்பது யார்? கோச்தான்!

அமெரிக்காவில் இதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அங்கே புட்பால் என்றால் பந்தை கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். தாக்குதல் ஆட்டத்துக்கு திட்டம் போட தனி கோச், தடுப்பு ஆட்டத்துக்கு தனி கோச், இவர்களுக்கு மேல் தலைமை கோச். பாயின்ட் வரவில்லை, ரசிகர்கள் கத்துகிறார்கள் என்றால் பல சமயம் தாக்குதல் கோச்சுக்குத்தான் முதலில் சீட்டு கிழியும். தலைமை கோச் தப்பித்துவிடுவார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்கிற கதைதான்.

நம்ம கால்பந்தில் அந்த வசதி இல்லை. தலை போனால் தலைப்பாகையும் சேர்ந்தே போகும்.

சென்னை கதை: 4 மேட்ச், 0 கோல்

சென்னை கட்சிக்காரர்கள் உதாரணம் கேட்டால் 2019ஐத்தான் எடுப்பார்கள்.

சென்னையின் எப்.சி.க்கு 2018 மார்ச்சில் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் இங்கிலாந்துக்காரரான ஜான் கிரிகோரி. பெங்களூரு மண்ணிலேயே பெங்களூருவை 3-2 என்று பைனலில் சாய்த்தார். தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அடுத்த சீசனிலேயே டீம் கடைசி இடம்!

2019-20 சீசன் தொடங்கியது. முதல் 4 மேட்சில் சென்னை ஒரு கோல் கூட அடிக்கவில்லை. 5வது மேட்சில் ஐதராபாத்துக்கு எதிராக, 90 நிமிடம் முடிந்த பிறகு கிடைத்த கூடுதல் நேரத்தில்தான் முதல் கோலே வந்தது. 6 மேட்ச் முடிவில் ஒரே ஒரு வெற்றி, மொத்தம் 4 கோல். நவம்பர் 30ம் தேதி கிளப்பும் கிரிகோரியும் பிரிந்தார்கள்.

டிசம்பரில் வந்தார் ஓவன் கோயல். வீரர்கள் அதே வீரர்கள்தான். வால்ஸ்கிஸ் அதே ஆள், சாங்தே அதே ஆள். ஆனால் ஆட்டம் வேறு! முன்னால் போய் பந்தைப் பறி, வேகமாக அடி என்று அவிழ்த்து விட்டார். மீதி 12 லீக் மேட்சில் 28 கோல், 7 வெற்றி. கொச்சிக்கே போய் பிளாஸ்டர்ஸை 6-3 என்று புரட்டி எடுத்தது டீம். அடிமட்டத்தில் கிடந்த அணி 4வது இடம் பிடித்து, பைனல் வரை போய், 2020 மார்ச் 14ல் ஏ.டி.கே.விடம் 1-3 என்று தோற்றது. வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து தங்க ஷூ வாங்கினார்.

"பாத்தியா, கோச்சை மாத்தினதும் கோல் கொட்டிச்சு" என்பது இவர்கள் வாதம்.

எதிர்க்கட்சி இங்கே ஒரு கிடுக்கிப்பிடி போடும். கிரிகோரி அந்த 6 மேட்சில் தோற்றது யாரிடம்? கோவா, ஏ.டி.கே., பெங்களூரு. சீசன் முடிவில் முதல் மூன்று இடம் பிடித்த டீம்களே இவைதான்! பாவம், எடுத்த எடுப்பிலேயே மூன்று மலையோடு மோதவிட்டால் எவன் தாங்குவான்?

நியாயமான கேள்வி. ஆனால் இதற்கும் பதில் இருக்கிறது. கோயல் வந்த பிறகு அதே மூன்று டீமோடு சென்னை மறுபடி மோதியது. கோவாவிடம் 3-4 என்று தோல்வி, பெங்களூருவோடு 0-0 டிரா, ஏ.டி.கே.யை 3-1 என்று வெற்றி. முதல் சுற்றில் அந்த மூவரிடம் 0 கோல், 0 புள்ளி. இரண்டாவது சுற்றில் 6 கோல், 4 புள்ளி. ஆக, மாற்றம் நிஜம்தான்.

ஒரே மருந்து எல்லா காய்ச்சலுக்குமா?

அதே சென்னை, 2022 பிப்ரவரியில் இதே மருந்தை மறுபடி குடித்தது. கோவாவிடம் 0-5 என்று உதை வாங்கிய கையோடு கோச் போஜிதார் பந்தோவிச்சுக்கு விடை கொடுத்தது. உதவியாளராக இருந்த சபீர் பாஷா கையில் டீமைக் கொடுத்தார்கள். இந்திய அணியின் முன்னாள் முன்கள வீரர், நம்ம தமிழ்நாட்டுக்காரர். ஆனால் சீசன் முடிய சில மேட்சுகளே பாக்கி. டீம் 8வது இடத்தில்தான் முடித்தது. அடுத்த சீசனுக்கு வேறு வெளிநாட்டு கோச் வந்துவிட்டார்.

இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. வீடு பற்றி எரியும்போது உள்ளூர் உதவி கோச்சைக் கூப்பிட்டு வாளியைக் கொடுப்பார்கள். புது வீடு கட்டும்போது சாவி வேறு ஆளுக்குப் போய்விடும்.

விதிவிலக்கும் உண்டு. 2023ல் ஒடிசா எப்.சி. தன் கோச்சைப் பிரிந்தபோது உதவியாளர் கிளிபோர்டு மிராண்டா தற்காலிகமாக பொறுப்பேற்றார். அடுத்த மாதமே மாஹேவுக்குப் பக்கத்து ஊரான கோழிக்கோட்டில் பெங்களூருவை 2-1 என்று தோற்கடித்து சூப்பர் கோப்பையைத் தூக்கினார்.

மஞ்சள் படையின் கோபம்

பிளாஸ்டர்ஸ் கட்சியின் கதை 2024ல். மிகாயேல் ஸ்டாரே என்ற சுவீடன் கோச். 12 மேட்சில் 3 வெற்றி, 2 டிரா, 7 தோல்வி. 11 புள்ளிகளோடு 10வது இடம். 'மஞ்சப்படா' ரசிகர் கூட்டம் கொதித்துப் போய், நிர்வாகத்திடம் இருந்து டிக்கெட்டே வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. அவர்கள் கோபம் கோச் மேல் மட்டும் அல்ல. நல்ல வீரர்களை வாங்காத ஓனர்கள் மேலும்தான்.

டிசம்பர் 16ம் தேதி ஸ்டாரேவும், அவரோடு இரண்டு உதவி கோச்களும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உள்ளேயே இருந்த புருஷோத்தமனும் தாமஸ் சோர்ஸும் டீமைக் கையில் எடுத்தார்கள். மீதி 12 மேட்சில் 18 புள்ளி. முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிளாஸ்டர்ஸுக்கு கிடைத்தது 8வது இடம். அந்த சீசனில் முதல் 6 இடத்துக்குள் வந்திருந்தால்தான் பிளேஆப். கப்பல் கிளம்பிவிட்டது!

தூக்காமல் விட்டால்?

"அவசரப்பட்டு தூக்காதீங்கடா" என்பது பெரிசுகள் கட்சி. இவர்களை மடக்க பிரான்ஸ் கதை ஒன்று போதும்.

2008 யூரோ கோப்பையில் பிரான்ஸ் 3 மேட்சில் ஒரே ஒரு கோல் அடித்து வெளியேறியது. கோச் ரேமண்ட் டொமெனெக், தோற்ற கையோடு டி.வி. நேரலையில் தன் காதலியிடம் "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார்! ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தூக்கு, தூக்கு என்று நாடே கத்தியது. சம்மேளனம் தூக்கவில்லை.

விளைவு, 2010 உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவில் கோச்சோடு சண்டை போட்ட அனெல்காவை ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாள் வீரர்கள் பயிற்சிக்கு வராமல் பஸ்சுக்குள் உட்கார்ந்து ஸ்டிரைக்! உடற்பயிற்சி கோச்சுக்கும் கேப்டன் எவ்ராவுக்கும் மைதானத்திலேயே தகராறு. வீரர்களின் ஸ்டிரைக் அறிக்கையை நிருபர்களுக்கு வாசித்துக் காட்டியதே டொமெனெக்தான். மறுபடியும் 3 மேட்ச், ஒரே கோல். கடைசி இடம்.

ஆனால் அதே பிரான்ஸ் வேறு பாடமும் சொல்கிறது. 2012ல் வந்த தெஷாம்ப், 2016 யூரோ பைனலில் சொந்த மண்ணில் போர்ச்சுகலிடம் கோட்டை விட்டார். அவரைத் தூக்கவில்லை. 2018ல் உலகக் கோப்பை வந்தது! 2022ல் மீண்டும் பைனல். கடைசியில் 2026 உலகக் கோப்பையோடு விலகுகிறேன் என்று 2025 ஜனவரியில் அவரே தேதி குறித்தார்.

பொறுமை இரண்டு பேருக்கும் கிடைத்தது. ஒருவருக்கு அவமானம், ஒருவருக்கு கோப்பை. வித்தியாசம் என்ன? தெஷாம்ப் பேச்சை வீரர்கள் கேட்டார்கள். டொமெனெக் பேச்சை யாரும் கேட்கவில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

நெதர்லாந்து பொருளாதார நிபுணர் பாஸ் டெர் வீல் இதை அக்குவேறு ஆணிவேறாக அலசியிருக்கிறார். 1986 முதல் 2004 வரையிலான அந்த நாட்டு லீக் கணக்குகளை எடுத்துக்கொண்டார். தொடர்ந்து தோற்று கோச்சை மாற்றிய டீம்கள் ஒரு பக்கம். அதே மாதிரி தோற்றும் கோச்சை மாற்றாத டீம்கள் இன்னொரு பக்கம்.

முடிவு? இரண்டு வகை டீமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எழுந்து வந்தன!

இதன் சூட்சுமம் இதுதான். தொடர் தோல்வியில் பாதி கோச் தப்பு என்றால் மீதி கெட்ட நேரம். போஸ்டில் பட்டு திரும்பிய பந்து, முக்கிய வீரர் காயம், அடுத்தடுத்து பலமான எதிரிகள். கெட்ட நேரம் தானாகவே மாறும். அந்த நேரம் பார்த்து உள்ளே வரும் புது கோச்சுக்கு மாலை விழுந்துவிடும்.

கோச்சை தூக்குவது இலவசமும் அல்ல. 2024 ஜூனில் இந்திய அணி கோச் இகோர் ஸ்டிமாச்சை நீக்கியபோது அவருக்கு 2026 வரை ஒப்பந்தம் இருந்தது. கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்துத்தான் கணக்கை முடித்தார்கள். நம்ம காசில் 3 கோடிக்கு மேல்! கிளப்கள் அடிக்கடி "பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம்" என்று அறிக்கை விடுவதன் ரகசியமும் இதுதான். நஷ்ட ஈடு பேசி முடிந்தது என்று அர்த்தம். அந்தப் பணத்தில் கிளப்புக்கு ஒரு நல்ல வீரரே கிடைத்திருக்கலாம்.

அப்ப தீர்ப்பு என்னப்பா?

கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், "தூக்கு" என்று கத்துவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: கோல் வரவில்லையா, வாய்ப்பே வரவில்லையா? வாய்ப்பு வந்து அடிக்காமல் விட்டால் அது நேரம். வாய்ப்பே உருவாகவில்லை என்றால் அது திட்டத்தின் கோளாறு. கோச்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு: சரக்கு இருக்கிறதா? 2019 சென்னையில் வால்ஸ்கிஸ் இருந்தார், சமைக்கத் தெரிந்தவர் வந்தார், விருந்து கிடைத்தது. அரிசியே இல்லாத வீட்டில் சமையல்காரரை மாற்றி என்ன பயன்? அங்கே கேள்வி கேட்க வேண்டியது ஓனரை.

மூன்று: அடுத்த ஆள் ரெடியா, அவருக்கு நேரம் இருக்கிறதா? கோயலுக்கு 12 லீக் மேட்ச் கிடைத்தது. பாஷாவுக்கு சொற்பம்.

மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால் மாற்றலாம். இல்லாவிட்டால் அது ரசிகர் கோபத்துக்கு வெட்டும் ஆடு, அவ்வளவுதான்.

"அதெல்லாம் இல்லண்ணே, கோயல் மாதிரி ஒரு கோச் வந்தா போதும்" என்று சென்னை கட்சி இன்னும் சொல்லலாம். அந்தக் கோயல்தான் 2023ல் சென்னைக்குத் திரும்பி வந்தார். முதல் சீசனில் பிளேஆப். 2024-25ல் 13 டீமில் 11வது இடம். 2025ல் அவரும் மூட்டை கட்டினார்.

அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஒடிசாவில் உதவி கோச்சாக இருந்து சூப்பர் கோப்பை தூக்கிய அதே கிளிபோர்டு மிராண்டா!