லீற்றருக்கு எத்தனை கட்டை?

1990இல் பொருளாதாரத் தடை வந்ததும் வன்னிக்குள் பெற்றோலும் டீசலும் காணாமற்போயின. மட்டுப்படுத்திய அளவில் வந்த மண்ணெண்ணெயில்தான் கண்டாவளையின் வாகனங்கள் உயிர்வாழ்ந்தன. பெற்றோல் என்ஜின் என்றால் சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் செய்வார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. சூடேறிய பிறகுதான் அதற்கு மாற்றலாம். அப்போதும் புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், என்ஜின் ஓயில் நீர்த்துப்போகும்.

இடையில் நின்றால் மறுபடி பெற்றோல் செலவு. அதனால் ஆட்களும் பாரமும் சேராமல் பிக்கப் புறப்படாது. தருமபுரத்திலிருந்து பரந்தனுக்கு எவ்வளவு எண்ணெய், மாரியில் சேறு கிடந்தால் இன்னும் எவ்வளவு என்பதெல்லாம் சாரதிக்கு மனப்பாடம். அந்தக் கணக்கு பிசகினால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

2002இல் ஏ9 திறந்தது, எரிபொருளும் வந்தது. 2006 ஓகஸ்ட்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. 2009 தொடக்கத்தில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால்தான் சனம் மூட்டைமுடிச்சுகளோடு கிழக்கே இடம்பெயர்ந்தது. அப்படிப் போன வாகனங்களில் பெரும்பாலானவை திரும்பி வரவில்லை.

இன்று அதே வீதி காப்பெற் வீதி. முரசுமோட்டையைத் தாண்டி ஹைலக்ஸ் டபுள் கப்பும் நெல் ஏற்றிய பட்டாவும் விரைகின்றன. அன்றைய என்ஜின் கிடைத்ததைக் குடித்து ஓடியது. இன்றைய கொமன் ரெயில் டீசல் என்ஜின் குறைந்த எண்ணெயில் கூடுதல் வலுத் தரும். ஆனால் கலப்பட எண்ணெய் பட்டால் அதன் இன்ஜெக்ரர் பழுதாகிவிடும். வண்டியும் கனத்துவிட்டது. டபுள் கப் வெறுமனே நின்றாலே ஏறத்தாழ இரண்டு தொன்.

கம்பனி சொல்லும் மைலேஜ் சோதனைக்கூடத்தில் எடுத்த கணக்கு. பெரிய பிக்கப்புகளின் நாடான அமெரிக்காவிலேயே அந்தக் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. அதனால் 2008 மாதிரி வாகனங்களிலிருந்து அதிவேகம், ஏசி, குளிர் ஆகியவற்றையும் சேர்த்து அளக்கத் தொடங்கினார்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. 80இல் போகிறவர் 100இல் மிதித்தால் அந்தத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். காற்றுக் குறைந்த ரயரும் தேவையில்லாமல் பின்னால் கிடக்கும் பாரமும் எண்ணெயைத் தின்னும்.

சரியான கணக்கு எடுப்பது சுலபம். ராங்கை நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழமைபோல ஓடிவிட்டு, அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். 420 கிலோமீற்றருக்கு 42 லீற்றர் பிடித்தால் லீற்றருக்குப் பத்து. 2022 ஜனவரியில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். அந்த வண்டிக்கு ஒரு கிலோமீற்றருக்கு 12 ரூபாய். ஜூன் கடைசியில் டீசல் 460 ஆனபோது அதே கிலோமீற்றருக்கு 46 ரூபாய். அடுத்த மாதம் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், வானுக்கு 20, லொறிக்கு 50. லீற்றருக்குப் பத்து ஓடும் வண்டிக்கு 20 லீற்றர் என்றால் 200 கிலோமீற்றர்தான். கண்டாவளையிலிருந்து யாழ்ப்பாணம் ஒருதரம் போய்வந்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். தடைக்காலத்துச் சாரதியின் கணக்கு அப்போது எல்லோருக்கும் தேவைப்பட்டது.

அந்தக் கணக்கை நாம் திரும்பவும் கைவிட்டுவிடக் கூடாது. காப்பெற் வீதியில் மிச்சம்பிடித்த எண்ணெயை உள்ளூர்க் கிரவல் ஒழுங்கைகள் விழுங்குகின்றன. அறுவடை ஏற்றிய வண்டி வயற்கரையிலிருந்து பிரதான வீதிக்கு வரும்வரை முதலாம், இரண்டாம் கியரில் குழிக்குக் குழி இறங்கி ஏறுகிறது. அங்கே எரியும் டீசலுக்கான காசு கடைசியில் விவசாயிக்குக் கிடைக்கும் விலையில்தான் கழிகிறது. ஒவ்வொரு போகத்திலும் வண்டிக்காரர்கள் தங்கள் கணக்கைக் கொப்பியில் எழுதிவைத்தால், எந்த ஒழுங்கை எவ்வளவு தின்கிறது என்பது தெரிந்துவிடும். பிரதேச சபையிடம் வீதி கேட்கப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோகலாம். முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கலாம், எழுதிவைத்த கணக்கைத் தட்டிக்கழிப்பது கடினம்.