சீனி வியாதியும் ஞாபக மறதியும்: பச்சிலை கைகொடுக்குமா?



சீனி வியாதி (நீரிழிவு) காலையும் கண்ணையும் மட்டும் தாக்குவதில்லை. இரத்தத்தில் சீனி பல வருடம் கூடியே இருந்தால், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களும் பழுதாகும். வயதான காலத்தில் மறதி வரும் ஆபத்தும் கூடும்.

"வல்லாரை தின்னு, ஞாபகம் வரும்" என்று நம்ம பாட்டிமார் சொல்வாங்க. விஞ்ஞானிகளும் இதைச் சோதித்தார்கள். சீனி வியாதி உண்டாக்கிய எலிகளுக்கு வல்லாரைச் சாறு கொடுத்தபோது மூளையின் சேதம் ஓரளவு குறைந்தது. ஆனால் மனிதரிடம் நடந்த ஆய்வுகளை 2017இல் சேர்த்துப் பார்த்தபோது, ஞாபகம் கூடியதற்குத் திடமான சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் ஜின்கோ என்ற மரத்தின் இலைச்சாற்றைச் சோதித்தார்கள். அதுவும் மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் தெரியவந்தது.

ஆகவே வல்லாரையைக் கீரையாகச் சாப்பிடுங்க. சம்பல் போடலாம், கஞ்சி காய்ச்சலாம். புல்லுக்கு மருந்து அடித்த கான் ஓரத்தில் மட்டும் பறிக்க வேண்டாம். இலையை நம்பிக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

1977 கலவரத்துக்குப் பிறகு நம் சொந்தக்காரர் பலர் வவுனியா, மன்னார்ப் பக்கம் போய்க் குடியேறினார்கள். மன்னாரில் இருந்து வரும் உறவினர் பனங்கட்டியும் கருவாடும் கொண்டுவருவாங்க. "பனங்கட்டி சீனி இல்லைதானே?" என்று தேத்தண்ணியோடு கடிக்கிறோம். அதில் பெரும்பகுதி சீனிதான். இரத்தத்தில் சீனியைக் கூட்டும்.

கருவாட்டில் ஒரு நன்மை உண்டு. மெட்போமின் குளிசையை நெடுநாள் போடுவோருக்கு பி12 என்ற விட்டமின் குறையலாம். அதனாலும் மறதி, கால் விறைப்பு வரும். இந்தச் சத்து மீன், முட்டை, பாலில் உண்டு, கீரையில் கிடைக்காது. கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவிச் சமையுங்க. உப்பு கூடினால் பிரஷர் ஏறும், அதுவும் மூளைக்குக் கேடு.

இன்னொன்று: குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலைக்குப் போகாதீங்க. திடீரென்று வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் சீனி இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் உடனே சீனித் தண்ணி கொடுங்க. நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீங்க. அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்க. சீனியையும் பிரஷரையும் கட்டுக்குள் வைப்பதே மூளைக்கு முதல் காவல்.