சுக்கான் இல்லாமல் கரை சேரும் கப்பல்

ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கு ஓடும் பேட்டரிக் கப்பல் பற்றிய செய்தியைப் படித்த வாசகி ஒருவர் கேட்கிறார்: "பேட்டரி இருக்கட்டும். ஒரு முனையில் ஏறும் கார் மறுமுனையில் இறங்குகிறதே, அந்தக் கப்பலுக்கு முன் எது, பின் எது? சுக்கானை எங்கே வைப்பார்கள்?" செய்தி எழுதியவர்களே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கப்பலின் பெயர் ஹாலெய்க். ஸ்கை தீவின் ஸ்கான்சர் துறையிலிருந்து, இருநூறு பேர்கூட வசிக்காத ராசே தீவுக்கு 25 நிமிடப் பயணம். 23 கார்களும் 150 பயணிகளும் கொள்ளும். 2012 டிசம்பரில் போர்ட் கிளாஸ்கோவில் நீரில் இறக்கினார்கள். பேட்டரிகளின் கொள்ளளவு 700 கிலோவாட் மணி. இரவில் கரை மின்சாரத்தில் சார்ஜ் ஆகும். ஆனால் உள்ளே டீசல் ஜெனரேட்டர்களும் இருக்கின்றன. மொத்த ஆற்றலில் குறைந்தது 20 சதவீதம் பேட்டரி தரும் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட கணக்கு. நல்ல தொடக்கம்தான். அதற்காக 'புகையில்லாக் கப்பல்' என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

உண்மையான அதிசயம் நீருக்கடியில் இருக்கும் சுழலிதான், அதற்கு வயதும் அதிகம். ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் 1920களில் நீர்மின் டர்பைனுக்கு மாற்றாக யோசித்தது. கப்பலைத் தள்ளவே அது அதிகம் உதவும் என்று தெரியவந்தது. ஜெர்மனியின் ஃபொய்த் நிறுவனம் செய்து கொடுத்தது. வரலாறு இவ்வளவு போதும்.

கப்பலின் அடித்தட்டோடு ஒட்டி ஒரு வட்டத் தட்டு சுழல்கிறது. அதன் விளிம்பிலிருந்து நான்கைந்து அலகுகள் செங்குத்தாகத் தொங்குகின்றன. குத்துவிளக்கைச் சுற்றிக் கும்மியடிக்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே நகர்ந்தாலும் எல்லோரும் விளக்கையே பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. விளக்கு நடுவில் இருந்தால் தோள்கள் வட்டத்தோடு ஒட்டியே போகும். தண்ணீரில் ஆடினாலும் யாரும் அதைத் தள்ளுவதில்லை. இப்போது ஆட்டத்தை மார்பளவு ஆற்றுக்குள் நடத்துங்கள், விளக்கைச் சற்றே கிழக்கே நகர்த்துங்கள். இடஞ்சுழியாகச் சுற்றுகிறார்கள் என்றால், வடக்கே இருப்பவள் முகம் கிழக்கே சாய்ந்திருக்க, மேற்கே நகர்கிறாள்; முதுகு தண்ணீரை வடக்கே தள்ளும். தெற்கே இருப்பவள் கிழக்கே நகர்கிறாள். அவள் முன்புறம் தள்ளும், அதுவும் வடக்கேதான்! கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவர்கள் சும்மா கடந்துபோகிறார்கள். தண்ணீர் வடக்கே போக, கும்மிக் கூட்டம் மொத்தமும் தெற்கே தள்ளப்படும். விளக்கை மேற்கே நகர்த்தினால் வடக்கே போகும். வடக்கே நகர்த்தினால் கிழக்கே. விளக்கை எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு விசை. ஆட்டத்தின் வேகத்தையோ சுற்றும் திசையையோ மாற்ற வேண்டியதே இல்லை.

அந்த விளக்கின் இடத்தில் கப்பலில் இருப்பது இணைப்புத் தண்டுகள் சந்திக்கும் ஒரு புள்ளி. கேப்டன் நகர்த்துவது அதைத்தான். முன், பின், பக்கவாட்டு, நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஹாலெய்க்கின் இரு முனைகளிலும் இப்படி ஒவ்வொரு சுழலி இருப்பதால் சுக்கானும் தேவையில்லை, திரும்பும்போது கப்பலைத் திருப்பவும் தேவையில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போதும் துறையில் நேராக ஒட்டி நிற்க முடிகிறது. சுழலியைச் சுற்றுவது மின்மோட்டார். மின்சாரம் பேட்டரியிலிருந்து வந்ததா, டீசலிலிருந்தா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல.

எல்லாக் கப்பலுக்கும் இதை ஏன் பொருத்தவில்லை? பல்சக்கரங்களும் தண்டுகளும் அதிகம், விலையும் அதிகம். நாள்கணக்கில் நேர்க்கோட்டில் போகும் சரக்குக் கப்பலுக்குச் சாதாரணத் திருகு விசிறியே சிக்கனம்.